சட்டையை இழுத்துவிடும் விரல்கள்

நண்பர்களே, வணக்கம்.

மேடை ஏறியதும் நான் ஒரு காரியம் செய்தேன். முன்வரிசையில் இருப்பவர்கள் கவனித்திருப்பீர்கள். சட்டையை நெஞ்சருகே இரண்டு விரலால் பிடித்து முன்னால் இழுத்துவிட்டேன். துணி உடம்போடு ஒட்டக் கூடாது. 13 வயதில் வந்த பழக்கம்.

அந்த வயதில் எனக்கு மார்பு வளர்ந்தது. கைனகோமாஸ்டியா என்பார்கள். பருவ வயதில் ஹார்மோன்கள் ஒரு நிதானத்துக்கு வருவதற்குள் பையன்களுக்கு இது வருவது சாதாரணம்தான். பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் தானாகவே வற்றிவிடும். எனக்கு வற்றவில்லை. விளக்கை அணைத்துவிட்டுத்தான் குளிப்பேன். தோளைக் குறுக்கிக் குறுக்கி நடந்ததில் முதுகே வளைந்துவிட்டது. இத்தனைக்கும், ‘நான் ஆண்தானா?’ என்று ஒரு நாள்கூட எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. சந்தேகம் இல்லாததால்தான் அவ்வளவு வலித்தது என்று இப்போது தோன்றுகிறது.

அந்த வலிக்கு ஒரு பெயர் இருப்பது வெகுகாலம் தெரியாது. ஒருமுறை திருநம்பி நண்பர் ஒருவரோடு, அதாவது பிறந்தபோது பெண் என்று எழுதப்பட்டும் தன்னை ஆணாக உணர்கிறவரோடு, பேசிக்கொண்டிருந்தேன். பேச்சின் நடுவே அவர் கை தன்னையறியாமல் சட்டைக்குப் போனது. அதே இரண்டு விரல், அதே இடம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். “உங்களுக்குமா?” என்றார். பிறகு சிரித்துவிட்டுச் சொன்னார்: “எங்க ஆளுங்க இதை டிஸ்ஃபோரியான்னு சொல்வோம்.” பாலின உளைச்சல்.

நானோ சிஸ். அதாவது, பிறந்தபோது என்னவென்று எழுதினார்களோ அதுவாகவே என்னை உணர்கிறவன். அப்படிப்பட்டவனுக்கு இந்தச் சொல் பொருந்துமா? ஏட்டுப்படி பொருந்தாது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் தன் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் ‘பாலின அடையாளக் கோளாறு’ என்ற பெயரை நீக்கிவிட்டு, ‘பாலின உளைச்சல்’ என்று வைத்தது. பிறந்தபோது குறித்த பாலினத்துக்கும் உணரும் பாலினத்துக்கும் பொருத்தமின்மை குறைந்தது ஆறு மாதமாவது இருக்க வேண்டும் என்பது அதன் விதி. எனக்கு இரண்டும் ஒன்று. ஆகவே மருத்துவர் அந்தப் பெயரை எனக்கு எழுத மாட்டார். அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் உளைச்சல் இருந்தது, ஐயா. அதைப் பொய்யென்று எந்தக் கையேடும் சொல்லவில்லை.

டேவிட் ரைமரை நினைத்துப் பாருங்கள். 1965-இல் கனடாவில் ஆணாகப் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போது அறுவை ஒன்று தவறிப்போய் ஆண்குறி கருகிவிட்டது. ஜான் மணி என்ற உளவியலாளரின் யோசனைப்படி பெண்ணாக வளர்த்தார்கள். உடையும் பெயரும் ஹார்மோனும் கொடுத்தும் அந்தப் பிள்ளைக்கு ஒட்டவே இல்லை. 1980-இல் அப்பா உண்மையைச் சொன்னதும் ஆணாகத் திரும்பிவிட்டார். அவர் திருநர் அல்லர். ஆனால் பெண்ணாக வளர்ந்த அத்தனை வருடம் அவர் பட்டதற்கு டிஸ்ஃபோரியா என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். முகத்தில் முடி வளரச் செய்யும் பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு உள்ள பெண், விடிவதற்குமுன் எழுந்து சன்னல் வெளிச்சத்தில் தாடையைத் தடவித் தடவி ஒவ்வொரு முடியாகப் பிடுங்குகிறாள். புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோனைக் குறைக்கும் மருந்து எடுப்பவர், தசை கரைந்து மார்பு பருப்பதைச் சட்டைக்குள் ஒளிக்கிறார்.

இதுவரை சொன்னது சுலபமான பாதி. என்னைப் போன்றவர்களை உலகம் புரிந்துகொள்ளும். உடம்பு தடம் மாறியது, மனம் மாறவில்லை என்று கணக்கு நேராகிவிடும். கணக்கு நேராகாதவர்கள் இருக்கிறார்கள். உடம்பில் எந்தக் குறையும் இல்லை, ஹார்மோன் அளவு சரி. ஆனாலும் தன் மார்பு யாரோ தன்மேல் மாட்டிவிட்டது போலிருக்கிறது என்கிறார் ஒரு பெண். இறுக்கமான உள்ளாடை போட்டு அதை அமுக்கிக்கொள்கிறார். “அப்படியானால் நீ ஆணா?” என்று கேட்டால், யோசித்து, “இல்லை, பெண்தான்” என்கிறார். இவரை இரண்டு பக்கமும் இழுக்கிறார்கள். ஒரு தரப்பு, ‘இது டிஸ்ஃபோரியாவே அல்ல, உடம்பைப் பற்றிய வெட்கம்’ என்கிறது. இன்னொரு தரப்பு, ‘நீ திருநம்பிதான், இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை’ என்கிறது. இரண்டாம் தரப்பு அன்போடுதான் சொல்கிறது, ஆனாலும் அவசரம். அவர் நாளை மனம் மாறிச் சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். அவர் இன்று சொல்வதை இன்று நம்புவதில் நமக்கு என்ன நஷ்டம்?

என் 26 வயதில் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். மருத்துவர் பத்து நிமிடம் பார்த்துவிட்டுத் தேதி குறித்தார். ‘நீ ஆண்தானா, நிச்சயமா, எத்தனை நாளாக?’ என்று ஒருவரும் கேட்கவில்லை. என் திருநம்பி நண்பர் அதே இடத்தில், கிட்டத்தட்ட அதே அறுவைக்கு, மனநல நிபுணரின் கடிதத்துக்காக மாதக்கணக்கில் அலைந்தார். எங்கள் தழும்புகளை ஒருநாள் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அவருடையது நீளம், என்னுடையது காம்பைச் சுற்றிய அரை வட்டம்.

ஒருவர் சீட்டு அனுப்பியிருக்கிறார்: “அறுவைக்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டதா?” நெஞ்சு தட்டையாகி இருபது வருடம் ஆகிறது, அம்மா. விரல்களுக்குத்தான் இன்னும் தெரியவில்லை.