கோணல் முத்தின் பெயர்

அவையோர்க்கு வணக்கம். பேச்சுக்கு முன் இந்த முத்தைப் பாருங்கள். முன்வரிசையில் இருப்பவர்கள் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பின்னால் கொடுக்கலாம். ஒரு பக்கம் புடைத்திருக்கிறது. மறுபக்கம் ஒடுங்கி வால்போல நீள்கிறது. மேசையில் வைத்தால் உருளாது. சிப்பிக்குள் தசை ஒட்டும் இடத்தருகே வளரும் முத்துக்கு உருண்டு திரள வழியில்லை. அதனால் கோணலாகிவிடுகிறது.

போர்ச்சுக்கீசியர் இத்தகைய முத்தை ‘பர்ரோக்கோ’ என்றார்கள். ஸ்பானியர் ‘பர்ருவேக்கோ’ என்றார்கள். இன்று இரு மொழிகளிலும் ‘பர்ரோக்கோ’ என்று ஒரே எழுத்துகளில் எழுதப்படும் பெயரடைக்கு அலங்காரம் மிகுந்த, வளைவும் நெளிவும் நிறைந்த என்பது பொருள். 17, 18ஆம் நூற்றாண்டுகளின் ஐரோப்பியக் கலைக்கும் இசைக்கும் அதுவே பெயர்; பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ‘பரோக்’. குறையைச் சுட்டிய சொல் ஒரு காலத்துக்கே பெயரானது எப்படி?

1611இல் ஸ்பானிய அறிஞர் கோவாருபியாஸ் தம் ஸ்பானிய அகராதியில் இந்தச் சொல்லுக்கு விளக்கம் எழுதினார். சமமில்லாத முத்துகள் இவை, முகத்தில் வரும் மருவைப் போன்றவை என்றார். மருவைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லிலிருந்தே பெயர் வந்தது என்பது அவர் கருத்து. இன்றும் அறிஞர்கள் இதில் ஒன்றுபடவில்லை.

வேறொரு கூற்றும் உண்டு. தர்க்க நூலார் ஒரு வாத வடிவத்துக்கு ‘பரோக்கோ’ என்று பெயரிட்டிருந்தார்கள். எல்லா மீன்களும் நீரில் வாழ்கின்றன. சில உயிர்கள் நீரில் வாழ்வதில்லை. ஆகவே சில உயிர்கள் மீன்கள் அல்ல. இதுதான் அந்த வடிவம். இந்தச் சுற்றிவளைப்பே சொல்லின் மூலம் என்று 1768இல் வெளியான தம் இசை அகராதியில் தத்துவஞானி ரூசோ கருதினார். நான் முத்தின் பக்கம் நிற்கிறேன். ஏனென்றால் 1694இல் பிரெஞ்சு அகாதமியின் அகராதி இந்தச் சொல்லை உருண்டையாக இல்லாத முத்துக்கு மட்டுமே உரியது என்கிறது. ‘விநோதமான’ என்ற பொருள் 1740ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் சேர்ந்தது. வசையாகவே வழங்கிய சொல்லை 1888இல் கலை வரலாற்றறிஞர் வோல்ஃப்லின் தம் நூலில் ஒரு கலைப்பாணியின் பெயராக நிலைநிறுத்தினார். பிரெஞ்சு வழியாகப் புதுப்பொருள் பெற்று, சொல் ஸ்பெயினும் போர்ச்சுக்கலும் உள்ள ஐபீரிய மண்ணுக்குத் திரும்பியது.

இந்தக் கதையில் நம் கடலும் இருக்கிறது. 1563இல் கோவாவில் அச்சான நூலில் கார்சியா த ஓர்தா என்ற போர்ச்சுக்கீசிய மருத்துவர், வடிவம் கெட்ட, உருண்டையில்லாத முத்துகளை ‘பர்ரோக்கோ’ என்று குறிக்கிறார். அப்போது மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு போர்ச்சுக்கீசியர் பிடியில் இருந்தது. நம் பரதவர் வாழ்ந்த கரையை அவர்கள் ‘மீன்பிடிக் கரை’ என்ற பொருளில் ‘கோஸ்தா த பெஸ்காரியா’ என்றார்கள்.

அதற்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் முத்துகளை வகைபிரித்து எண்ணியிருக்கின்றன: வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, சப்பத்தி, இரட்டை, கறடு. ‘கறடு’ என்பதைச் சற்று அழுத்திச் சொல்லிப் பாருங்கள். கையில் சுற்றிவரும் இந்த முத்தின் சொரசொரப்பு நாவில் தட்டும். அந்தக் கறடும் இறைவன் அணிகலனில் இடம்பெற்றது. கணக்கரும் அதை விடாமல் கல்லில் பதிய வைத்தார்.

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஒரு பதக்கம் இருக்கிறது. பெரிய கோணல் முத்து ஒன்றைப் பார்த்த பொற்கொல்லர், அதன் புடைப்பில் ஒரு கடல்மனிதனின் மார்பைக் கண்டிருக்கிறார். முத்தைச் செதுக்கவில்லை. தலையையும் கையையும் வாலையும் பொன்னில் செய்து அதனோடு பொருத்திவிட்டார்.