காயத்தை ஆற்றுவது காப்பித்தூள் இல்லை

வணக்கம் நேயர்களே. நம்ம சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை முள் கீறாத கை குறைவுதான், ரப்பர் மரத்தில் பால் வெட்டிய காலத்துக் கத்தித் தழும்பும் பலரிடம் இருக்கும். வெட்டுப்பட்டதும் காப்பித்தூளை அப்புவோம், கொஞ்ச நாளில் ஆறிவிட்டால் தூள்தான் ஆற்றியது என்போம். தூள் ஒரு பொட்டுத் தோலைக்கூட உண்டாக்காது. கிளினிக்கில் தரும் மருந்துகூட கிருமியைத் தடுக்கும், அவ்வளவுதான். புதுத் தோலைக் கட்டுவது உங்கள் உயிரணுக்கள்.

நான்காம் படிவப் பிள்ளைகளே, உயிரியல் புத்தகத்தில் நீங்கள் வரைகிற அந்த வட்டம்தான் இது. செடியின் உயிரணுவுக்கு இருக்கும் கெட்டிச் சுவர் நம்முடையதற்குக் கிடையாது, மெல்லிய சவ்வுதான், அதனால்தான் காயத்தின் ஓரத்தில் உள்ள தோல் உயிரணுக்கள் நகர்ந்து வந்து இடைவெளியை மூட முடிகிறது. அதற்கான சக்தியை உயிரணுவுக்குள் இருக்கும் மைட்டோகாண்டிரியா என்ற சின்ன உறுப்புகள் தருகின்றன. உயிரணுவின் உட்கருவில், நம் மரபுச் செய்தி எழுதிய டிஎன்ஏ இழையைச் சுமக்கும் 46 குரோமோசோம்கள். ரொம்பக் காலம் 48 என்றே எழுதி வந்தார்கள். 46தான் என்று 1956இல் ஆல்பர்ட் லெவான் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து வெளியிட்டவர் நம் பக்கத்து ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் சியோ. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதில் எனக்குத் தனிப் பெருமை.

இடைவெளியை மூடப் புது உயிரணுக்களும் வேண்டும், அதற்கு ஓர் உயிரணு இரண்டாகப் பிரிய வேண்டும். சரி, பிரிவது எப்படி? முதலில் டிஎன்ஏ முழுவதும் படியெடுக்கப்படுகிறது, ஒரு உயிரணுவில் அது நீட்டினால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும். அப்புறம் குரோமோசோம்கள் தடித்து நடுவில் வரிசையாக நிற்கும், இரு பக்கமிருந்தும் இழைகள் வந்து பிடிக்கும். எனக்குப் பிடித்த கட்டம் இதுதான்: ஒரே ஒரு குரோமோசோம் சரியாகப் பிடிபடவில்லை என்றாலும் மற்ற எல்லாம் காத்திருக்கும். எல்லாம் சரியான பிறகே இழுபட்டுப் பிரியும், உயிரணுவும் சுருக்குப்பையின் கயிற்றை இழுத்த மாதிரி நடுவில் இறுகி இரண்டாகும். இந்தக் காவலை மீறிப் பிரிந்துகொண்டே போனால் அது புற்றுநோயில் முடியலாம்.

இவ்வளவு வேலைக்கும் ரத்தம் ஆக்சிஜனைக் கொண்டுவர வேண்டும். இனிப்புநீர், அதாவது நீரிழிவு, கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்குக் காலில் ரத்த ஓட்டம் குறையும், நரம்பு மரத்துப்போகும், புண் பட்டதே தெரியாது, ஆறவும் இழுக்கும். அதனால் அம்மாமாரே, ஐயாமாரே, தினமும் படுக்கப்போகுமுன் பாதத்தையும் விரல் இடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள், பார்வை சரியில்லை என்றால் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். சின்னப் புண்ணாக இருந்தாலும் எதையும் அப்பாமல் சுத்தமான தண்ணீரில் கழுவி, துணியால் மூடி, மறுநாளே கிளினிக்கில் காட்டுங்கள்.