லேண்ட் குரூசர் 80: லாக்கருக்கு முன்னாடி பிரேக்கைப் பாருங்க

வணக்கம். டொயோட்டா லேண்ட் குரூசர் 80 சீரிஸ்ல 2 இஞ்ச் லிஃப்ட் (சஸ்பென்ஷனை உயர்த்தறது), 35 இஞ்ச் டயர், மேல டென்ட், பின்னாடி தண்ணி டேங்க். எல்லாம் ஏத்தினதும் அடுத்த கேள்வி, ஆக்சிலோட ரெண்டு சக்கரத்தையும் ஒரே வேகத்துல சுத்த வைக்கற லாக்கர் எதுங்கறதுதான். இருங்க, கீழ குனிஞ்சு சேசிஸ்ல இருக்கற இந்த வால்வைப் பாருங்க.

இதுதான் எல்எஸ்பிவி, பாரத்துக்கு ஏத்த மாதிரி பின் பிரேக் பிரஷரை மாத்தற வால்வு. பாரம் ஏறினா சேசிஸ் ஆக்சிலை நெருங்கும், இந்தக் கம்பி அசையும், பின் பிரேக்குக்கு பிரஷர் கூடும். லிஃப்ட் போட்டதும் சேசிஸ் மேல போயிடுதா, டேங்க் நிறைய தண்ணி இருந்தாலும் வண்டி காலின்னு வால்வு நெனச்சுக்கும். பின் பிரேக் சரியா பிடிக்காது, முன் டிஸ்க் மட்டும் கொதிக்கும். ஆக்சில் பக்கத்து பிராக்கெட்டை லிஃப்ட் அளவுக்கு ஸ்பேசர் வச்சு உயர்த்துங்க. அதிகமா உயர்த்தினா காலி வண்டியில பின்சக்கரம் முதல்ல லாக் ஆகும். அதனால ஆளில்லாத மண் ரோட்ல ஓட்டிப் பாருங்க.

இன்னொண்ணு, 31 இஞ்ச் டயர்லேருந்து 35-க்குப் போனாலே அதே மிதிக்கு 11 சதவீதம் பிரேக் பிடிப்பு போச்சு. நல்ல பேடு, நீளமான ஸ்டீல் பின்னல் ஓஸ், புது டாட் 4 ஆயில் போடுங்க. பழைய ஆயில் ஈரத்தை இழுத்திருக்கும். அதோட கொதிநிலை 230 டிகிரியிலேருந்து 155 வரைக்கும் இறங்கிடும். ஏர் எடுக்கும்போது எல்எஸ்பிவி நிப்பிளை மறந்துடாதீங்க.

இப்ப டிஃபரன்ஷியல், அதாவது ஆக்சில் நடுவுல ரெண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரிச்சுக் கொடுக்கற கியர். லாக்கருக்கும், பெரிய டயருக்காக ரேஷியோ (கிரவுன், பினியன் பல் விகிதம்) மாத்தறதுக்கும் தனித்தனியா ரெண்டு தடவை பிரிக்கறது வீண் கூலி. 4.10 இருக்கற வண்டிக்கு 35 இஞ்ச் டயர்ல கணக்குப்படி 4.63 போதும். பாரத்தோட போறதுக்கு 4.88 நல்லது. முன்னும் பின்னும் ஒரே ரேஷியோ கட்டாயம். ஃபுல் டைம் ஃபோர் வீல் வண்டியில ரேஷியோ மாறினா, முன் பின் ஆக்சிலுக்கு நடுவுல இருக்கற சென்டர் டிஃபரன்ஷியல் போயிடும்.

கிரவுன், பினியன் பல்லுக்கு நடுவுல இருக்கற ப்ளே (இடைவெளி) 0.15 முதல் 0.20 மி.மீ., டயல் கேஜ்ல பாருங்க. பல்லுல மார்க்கிங் பேஸ்ட் தடவி, பதிவு நடுவுல விழுதான்னும் பாக்கணும். ப்ளே கம்மியா இருந்தா சூடாகும், அதிகமா இருந்தா தட்டும். புது கியர்ல முதல் ஓட்டம் 20 நிமிஷம், பிறகு ஆற விடுங்க. 800 கிலோமீட்டர் வரைக்கும் பாரம் இழுக்காதீங்க, அப்புறம் ஆயிலை மாத்துங்க.

ஏர் லாக்கர்ல காத்துக் குழாய் வழியா ஆயில் வந்தா, உள்ள ஓ-ரிங் போச்சு. முன் லாக்கரைப் போட்டுக்கிட்டு ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு ஆக்சிலரேட்டர் மிதிச்சா, உடையறது முன்சக்கரம் திரும்பும்போதும் அதைச் சுத்த வைக்கற பெர்ஃபீல்ட் ஜாயின்ட்தான்.