ஒரே அத்தியாயம், இரண்டு தீர்ப்பு

நேயர்களுக்கு வணக்கம். சமயச் சாயல் உள்ள மாயாஜால சாகச நாவல்களைப் பற்றி வாசகர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். பத்து நாவலைத் தொட்டுத் தொட்டுப் போவதைவிட ஒன்றைப் பிடித்துக்கொள்வோம்: சி. எஸ். லூயிஸின் நார்னியா வரிசை. 1950 முதல் 1956 வரை ஆண்டுக்கு ஒன்றாக ஏழு புத்தகங்கள்.

முதலில் வந்தது ‘தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்’. துணி அலமாரிக்குள் புகுந்த நான்கு பிள்ளைகள் நார்னியா என்ற பனி மூடிய வேறோர் உலகத்தில் போய் நிற்கிறார்கள். அதில் எட்மண்ட் என்ற பையன் சூனியக்காரி கொடுத்த மிட்டாய்க்கு ஆசைப்பட்டுக் கூடப்பிறந்தவர்களையே காட்டிக்கொடுக்கிறான். அவனுக்குப் பதிலாக அஸ்லான் என்ற சிங்கம் சாகிறது. விடியும்போது உயிரோடு வந்து நிற்கிறது.

இயேசுவின் கதையல்லவா இது என்று ஒரு சாரார் உருகுகிறார்கள். கதை சொல்கிறேன் என்று பிரசங்கம் பண்ணிவிட்டாரே என்று இன்னொரு சாரார் சலித்துக்கொள்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், இருவரும் விரல் வைப்பது ஒரே இடத்தில். மொத்தம் 17 அத்தியாயம். துரோகியின் உயிர் சூனியக்காரிக்குச் சொந்தம் என்ற சட்டம் 13-இல் வருகிறது. 14-இல் சிங்கத்தைக் கொல்கிறார்கள். குற்றமற்ற ஒருவர் மனமுவந்து துரோகிக்காக உயிரைக் கொடுத்தால் சாவே பின்னோக்கி நடக்கும் என்ற இன்னொரு சட்டம் 15-இல்தான் வருகிறது. காரியம் முடிந்த பிறகு சட்டத்தை வாசிக்கிறார்கள்!

நம் இரணியன் கதையை நினைத்துப் பாருங்கள். அதிலும் சிங்கம்தான். மனிதனாலும் மிருகத்தாலும் சாவில்லை, பகலிலும் இரவிலும் இல்லை, உள்ளேயும் வெளியேயும் இல்லை. வரம் முழுவதையும் முதலிலேயே கேட்டுவிடுகிறோம். அதனால் அந்தி நேரத்தில், வாசற்படியில், நரசிங்கம் அவனை மடியில் போட்டுக் கிழிக்கும்போது யாரும் ‘அழுகுணி ஆட்டம்’ என்பதில்லை.

அப்படியானால் நார்னியாவைக் கொண்டாடுகிறவருக்கு இது ஏன் உறுத்தவில்லை? அவர் அந்தச் சட்டத்தை வீட்டிலிருந்தே கொண்டுவந்துவிட்டார். உயிர்த்தெழுதல் அவருக்குத் தெரிந்த கதை. தெரியாதவருக்கு 15-ஆம் அத்தியாயம் திடீரென்று முளைத்த சமாளிப்பு. இப்படிப்பட்ட நாவலுக்குக் கருத்து எழுதப்போகிறவர்கள் இரண்டு பக்கங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: விதியைச் சொன்ன பக்கம், விதி வேலை செய்த பக்கம். எது முந்தியது என்று பார்த்தால் சண்டை சமயத்தைப் பற்றியதா, கதைக்கட்டைப் பற்றியதா என்று பிடிபட்டுவிடும்.

அடுத்து, எந்த வரிசையில் படிப்பது? இதைச் சொல்லாமல் விட மனம் வராது. 1955-இல் ஆறாவதாக வந்த ‘தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ’ நார்னியா உண்டான கதை. பிற்காலப் பதிப்புகள் அதற்கு ஒன்று என்று எண் போட்டுவிட்டன. காலவரிசை சரிதான், ஆனால் படிப்பவருக்கு நஷ்டம். 1950 புத்தகத்தில் ஏழாம் அத்தியாயத்தில்தான் அஸ்லான் பெயரே காதில் விழுகிறது. அது யார் என்று பிள்ளைகளுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது என்கிறார் கதைசொல்லி. எண் பார்த்துப் படித்தவருக்குத் தெரியுமே! பனிக்காட்டில் தனியாக எரியும் தெருவிளக்கு எப்படி வந்தது என்பதும் தெரிந்துவிடும். இத்தனைக்கும் 1957-இல் ஒரு சிறுவனுக்கு எழுதிய கடிதத்தில் காலவரிசையே தேவலை என்றார் லூயிஸ். எப்படிப் படித்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்றும் சேர்த்துக்கொண்டார். இந்த விஷயத்தில் ஆசிரியர் பேச்சைக் கேட்க வேண்டாம் என்பதே என் கட்சி. வெளிவந்த வரிசையில் படியுங்கள்.

நேரமாகிவிட்டது என்று சைகை வருகிறது. அந்த நான்கு பிள்ளைகளில் ஒருத்தியான சூசனைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகவே சொல்கிறேன். கடைசிப் புத்தகத்தில் அவளை நரகத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்று பலர் கொதிக்கிறார்கள். புத்தகத்தில் அப்படி இல்லை. ரயில் விபத்தில் இறந்தது மற்றவர்கள். அவள் உயிரோடு இருக்கிறாள். லிப்ஸ்டிக், நைலான் காலுறை, விருந்து அழைப்பு தவிர அவளுக்கு வேறு நினைப்பில்லை என்று சொல்வதும் ஜில் என்ற பெண்தான். ஆனால் வேறொரு குறை நியாயமானது. அம்மா, அப்பா, அண்ணன், தம்பி, தங்கை எல்லோரையும் ஒரே நாளில் இழந்தவள் அவள். அவள் அழுதாளா என்று கதை ஒரு வரிகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வணக்கம்.