தாம்பரம்: பத்து ஊர்கள், இரண்டு நீர்வழிகள், ஒரு மாநகராட்சி

[காட்சி: தாம்பரம் ரயில் நிலைய நடைமேம்பாலம். கிழக்குத் தாம்பரத்திலிருந்து மேற்குக்கும் மேற்கிலிருந்து கிழக்குக்கும் ஓயாமல் நடக்கும் கூட்டம்.]

தாம்பரம் மாநகராட்சி ஆனது 2021 நவம்பரில். தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளோடு சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்தார்கள். இப்போது மொத்தம் 70 வார்டுகள். சென்னையை ஒட்டியே இருந்தாலும் இது செங்கல்பட்டு மாவட்டம். காவல்துறைக்கும் 2022 முதல் தாம்பரத்துக்கென்று தனி ஆணையரகம்.

இவை ஒவ்வொன்றும் தனித்தனி ஊராக வளர்ந்தவை. பல்லாவரத்தில் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கருவிதான் இந்தியத் தொல்லியலில் பழைய கற்கால ஆய்வைத் தொடங்கி வைத்தது. மாடம்பாக்கத்தில் சோழர் காலத்து தேனுபுரீஸ்வரர் கோயில். திருநீர்மலை, ஆழ்வார்கள் பாடிய திவ்ய தேசம். அடிவாரத்தில் ஒரு கோயில், மலைமேல் ஒரு கோயில். அனகாபுத்தூரில் தறி, பம்மல் பக்கம் தோல் தொழில். குரோம் தோல் தொழிற்சாலை வந்த பிறகுதான் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர்.

இந்த ஊர்களைக் கோர்த்தது தண்டவாளம். 1931-ல் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1928-ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் சானடோரியம் இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-ல் ஜார்ஜ் டவுனை விட்டு இங்கே வந்தது. அதன் புதர்க்காட்டு வளாகத்தில் இன்றும் புள்ளிமான்களைப் பார்க்கலாம். 1984-ல் ஏற்றுமதி மண்டலமான மெப்ஸ் வந்தது. வேலைக்கு வந்தவர்கள் ஸ்டேஷனுக்கு நடக்கும் தூரத்தில் மனை வாங்கினார்கள். அந்த மனைகள் தீர்ந்ததும் வீடுகள் ஏரிக்கரை வரை போயின. பிறகு ஏரிக்குள்ளேயும் போயின.

[காட்சி: வரைபடம். நடுவே ரயில் பாதையும் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையும். இரு பக்கமும் நீல நிறத்தில் ஏரிகள்.]

இந்த வரைபடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். தாம்பரத்தில் பெய்யும் மழை, பெரும்பாலும் இரண்டு வழியாகப் பிரிந்து போகிறது. மேற்கே பீர்க்கன்காரணை, இரும்புலியூர், பெருங்களத்தூர் ஏரிகளின் உபரி நீர் அடையாற்றுக்குப் போகிறது. கிழக்கே சிட்லபாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் பக்கத்து நீர் செம்பாக்கம் ஏரிக்கு வந்து, அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை அடைகிறது. ஓர் ஏரி நிரம்பினால், உபரி நீர் வழியும் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு. இடையில் ஒரு கால்வாய் அடைபட்டால் மேலே உள்ள தெருக்களில் தண்ணீர் நிற்கும். கீழே உள்ள ஏரி காய்ந்து கிடக்கும்.

ஏரியில் நான்கு உறுப்புகளைத் தெரிந்துகொள்ளுங்கள். தண்ணீரைக் கொண்டுவருவது வரத்துக் கால்வாய். தேக்குவது கரை. பாசனத்துக்குத் திறப்பது மதகு. நிரம்பியதை வெளியேற்றுவது கலங்கல். வயல்கள் மனைகளானதும் மதகுக்கு வேலையில்லாமல் போனது. அதைத் திறக்க வேண்டிய ஆளும் இல்லை. இப்போது எல்லாச் சுமையும் கலங்கல் மேல்தான். ஏரியின் உள்வாயில், அதாவது கரைக்கு உள்பக்கம் தண்ணீர் தேங்கும் இடத்தில், வீடு கட்டியவர்கள் கலங்கலை இடித்துத் தாழ்த்தச் சொல்வார்கள். அப்படிச் செய்தால் ஏரியின் கொள்ளளவு குறையும், கோடையில் சுற்றுவட்டாரக் கிணறுகள் வற்றும். கலங்கலை உயர்த்தினால் உள்வாய் வீடுகளுக்குள் தண்ணீர் புகும். இந்த இழுபறிக்கு வழி, கலங்கலிலிருந்து நீரைக் கொண்டுபோகும் போக்குக் கால்வாயை முழு அகலத்துக்கு மீட்பதுதான். கரையில் நடைபாதை போட்டு விளக்கு வைப்பது அதற்கு ஈடாகாது.

2015 டிசம்பர் 1 அன்று தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 செ.மீ. ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) மனையில் மட்டும் அது ஒரு லட்சத்து ஒன்பதாயிரம் லிட்டர், அதாவது 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஒன்பது லோடு. அந்த அளவு எந்த மழைநீர் வடிகாலுக்குள்ளும் அடங்காது. ஏரி, கால்வாய், ஆற்றின் இரு கரையிலும் வெள்ளம் பரவ விட்டுவைத்த தாழ்நிலம் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அதைத் தாங்க வேண்டும். அடையாற்றை ஒட்டிய முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியது அந்தத் தாழ்நிலத்தில் வீடுகள் நின்றதால்.

வீடு வாங்குபவர் பட்டாவோடு நிற்காமல், வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் அந்தப் புல எண் எப்படி வகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். நீர்நிலை, வாய்க்கால், ஓடைப் புறம்போக்கு என்ற சொற்கள் பக்கத்துப் புல எண்ணில் இருந்தால்கூட, நில அளவை வரைபடத்தை வாங்கி எல்லையை அளந்து பாருங்கள். தெருவில் மூன்று வீட்டில் கேட்டு, 2015-ல் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று விசாரியுங்கள். தரகர் சொல்லாததைச் சுவரில் உள்ள கறை சொல்லிவிடும்.

சாலை மட்டமும் முக்கியம். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே புதிய அடுக்கு போட்டால் ஒவ்வொரு முறையும் சாலை சில அங்குலம் ஏறுகிறது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பழைய வீட்டு வாசல் சாலைக்குக் கீழே போய்விடும். உங்கள் தெருவில் சாலை போடும் நாளில், சுரண்டும் இயந்திரம் வந்ததா என்று முதலில் பாருங்கள். போட்ட பிறகு புகார் கொடுத்துப் பயனில்லை.

[காட்சி: சிட்லபாக்கம் ஏரி, கரைமேல் நடப்பவர்கள்.]

சிட்லபாக்கம் ஏரியில் ஒரு காலத்தில் குப்பையும் ஆகாயத்தாமரையும்தான். 2019 கோடையில் குடியிருப்பவர்கள் தாங்களே இறங்கிச் சுத்தம் செய்தார்கள். அரசு அதே ஆண்டில் 25 கோடி ரூபாய் ஒதுக்கியது. பணம் வந்தது மக்கள் விடாமல் கேட்டதால்தான் என்பதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் எந்த ஏரியைத் தூர்வாரினாலும், கழிவுநீர் வரும் வழி திறந்திருக்கும் வரை ஆகாயத்தாமரை திரும்ப வரும். பாதாளச் சாக்கடை இல்லாத தெருக்களில் செப்டிக் டேங்க் நிறைந்ததும் லாரியைக் கூப்பிடாமல், மழைநீர் வடிகாலில் குழாயைச் சொருகிவிடுகிறார்கள். மழையே இல்லாத மாதத்தில் வடிகால் வாயில் தண்ணீர் ஓடினால், அது கழிவுநீர்தான். இடம், தேதி, புகைப்படம் மூன்றும் சேர்த்து மண்டல அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள்.

எந்த அலுவலகம் என்பதிலேயே பலர் தடுமாறுகிறார்கள். முகவரியில் தாம்பரம் என்று இருந்தாலும் முடிச்சூர், வேங்கைவாசல், அகரம்தென் போன்றவை 2021-ல் மாநகராட்சி அமைந்தபோது அதற்குள் சேர்க்கப்படாத ஊராட்சிகள். வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தை கூடும் பகுதி ராணுவப் பகுதியை நிர்வகிக்கும் கன்டோன்மென்ட் போர்டுடையது. ஏரிக்கரை உடைந்தால் சில இடங்களில் நீர்வளத் துறை, சில இடங்களில் மாநகராட்சி. சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் எந்த அமைப்பின் பெயர் இருக்கிறதோ, குப்பை, தெருவிளக்கு, தெருச் சாலைக்கு அங்கேதான் போக வேண்டும்.

தனி ஆளாகப் போவதைவிட நலச் சங்கமாகப் போனால் கோப்பு நகரும். 1975-ம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்யலாம். சங்க விதிகள், உறுப்பினர் பட்டியல், அலுவலக முகவரிச் சான்று ஆகியவற்றோடு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். பதிவு எளிது, பின்னால்தான் பல சங்கங்கள் சறுக்குகின்றன. ஆண்டுப் பொதுக்குழுவைக் கூட்டி, வரவு செலவையும் நிர்வாகிகள் பட்டியலையும் வருடாவருடம் தாக்கல் செய்யவேண்டும். இரண்டு மூன்று ஆண்டு விட்டுவிட்டால் அபராதம் சேரும், வங்கிக் கணக்கில் கையெழுத்து மாற்ற முடியாது, பழைய செயலாளர் வீடு மாறியிருப்பார். தாக்கல் தேதியை நினைவில் வைக்க ஒருவரைத் தனியாகப் பொறுப்பாக்குங்கள்.

இன்னொரு மேடை ஏரியா சபை. நகர்ப்புறத்துக்கான இந்தக் கூட்டங்கள் 2022 நவம்பர் 1-ல் தொடங்கியபோது, முதலமைச்சர் கலந்துகொண்ட சபை பம்மலில் நடந்தது. கிராம சபை போலவே, உங்கள் வார்டின் ஒரு பகுதி மக்கள் கவுன்சிலர் முன்னிலையில் கூடிப் பேசுவது இது. அங்கே பொதுவாகக் குறை சொன்னால் குறிப்பேட்டில் ஒரு வரிகூட ஏறாது. ‘எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கிறது’ என்பதற்குப் பதில், ‘இந்தத் தெரு முனையிலிருந்து கல்வெர்ட் வரை 60 மீட்டர் வடிகால் இல்லை, அதைக் கட்டித் தர வேண்டும்’ என்று எழுதிக் கொடுங்கள். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். அடுத்த சபையில் அந்தப் பிரதியை வைத்தே பேச்சைத் தொடங்கலாம்.