67108864: கம்பைலர் போட்ட தப்புக் கணக்கு

[திரையில்: 67108864]

ஒரு அரேயில் 10 கோடி எண்கள். எல்லாமே 1. கூட்டினால் 10 கோடி வரவேண்டும், வந்திருப்பது இது. இத்தனைக்கும் புரோகிராமில் ஒரு வரி கூடத் தப்பில்லை.

சரி, முதலில் ஃப்ளோட்டின் கதை, அதாவது கம்ப்யூட்டர் தசம எண்களை வைக்கும் வகை. 32 பிட் ஃப்ளோட்டில் எண்ணின் இலக்கங்களுக்கு 24 பிட் துல்லியம்தான் உண்டு. மொத்தம் 16777216-ஐத் தொட்டதும் அடுத்த 1-ஐக் கூட்டிப் பாருங்கள்: 16777217-ஐ எழுத இடமில்லை, திரும்பவும் 16777216. அப்புறம் வரும் எட்டு கோடிச் சொச்சம் ஒன்றுகளும் வீண்.

இதற்கு வில்லியம் கஹான் 1965-லேயே வழி சொல்லிவிட்டார். பின்னாளில் ஃப்ளோட் கணக்குகளுக்கான ஐஇஇஇ 754 தரத்தை உருவாக்கியதில் முக்கியப் பங்கு வகித்தவர். 1989-இல் டூரிங் விருது பெற்றவர். ஒவ்வொரு எண்ணுக்கும் திரும்பத் திரும்ப ஓடும் அவருடைய லூப் இவ்வளவுதான்:

[திரையில்:
சேர்ப்பது = எண் − பிழை
புதிது = மொத்தம் + சேர்ப்பது
பிழை = (புதிது − மொத்தம்) − சேர்ப்பது
மொத்தம் = புதிது]

மூன்றாவது வரியில்தான் சூட்சுமம். மொத்தம் 16777216, சேர்ப்பது 1 என்றால், புதிது அதே 16777216. பிழை = 0 − 1, அதாவது −1. அடுத்த சுற்றில் 1 − (−1) = 2 சேரும்; 16777218-ஐ ஃப்ளோட்டில் எழுத முடியும். நழுவிய ஒன்று திரும்பக் கிடைத்துவிட்டது. இப்படியே போனால் கடைசியில் சரியாக 10 கோடி.

நாம் எழுதுவதை மெஷின் மொழிக்கு மாற்றுவது கம்பைலர். ஜிசிசி என்ற கம்பைலரில் வேகப்படுத்தும் ஃபிளாகுகளான (தேர்வுகளான) ஓ2, ஓ3 மட்டும் கொடுத்தால் இந்த லூப்புக்கு ஆபத்தில்லை. வேகம் வேண்டுமென்று ஃபாஸ்ட்-மேத் ஃபிளாகைச் சேர்த்தால்தான் வம்பு. (ஓஃபாஸ்ட் கொடுத்தாலும் அது தானாகவே கூட வரும்.) கூட்டல் கழித்தலை இஷ்டப்படி மாற்றி அடுக்கலாம் என்று கம்பைலருக்கு நாமே அனுமதி கொடுக்கிறோம். அது பள்ளிக்கூட அல்ஜீப்ராவைப் போடுகிறது: புதிது என்பது மொத்தம் கூட்டல் சேர்ப்பது, அதிலிருந்து இரண்டையும் கழித்தால் பூஜ்யம். ஆக பிழை எப்போதும் 0. கஹானின் வரிகளைத் தூக்கிவிட்டு வெறும் கூட்டலாக்கிவிடுகிறது.

அப்படியானால் விடை 16777216 அல்லவா வரவேண்டும்? இங்கேதான் ஓ3 வருகிறது. பல எண்களை ஒரே நேரத்தில் கூட்டவைக்கிறது. அதற்குச் சிபியுவில் இருக்கும் எஸ்எஸ்இ ரெஜிஸ்டரின் 128 பிட்டில் நான்கு ஃப்ளோட்டுகள் அடங்கும். 10 கோடியை நான்கு வரிசையாகப் பிரித்தால் ஆளுக்கு இரண்டரைக் கோடி. நான்குமே 16777216-இல் சிக்கிக்கொள்கின்றன. நான்கால் பெருக்குங்கள்: 67108864.

இன்னும் வேடிக்கை, அதே கோடை இன்னும் அகலமான ஏவிஎக்ஸ் ரெஜிஸ்டருக்காக எட்டு எட்டாகக் கம்பைல் செய்தால், வரிசைக்கு ஒன்றேகால் கோடிதான். எதுவும் எல்லையைத் தொடாது. சரியான விடை வரும், டெஸ்ட் பாஸ் ஆகும். கஹானின் வரிகள் காணாமல் போனதே தெரியாது. எனக்கென்னவோ தப்பு விடையைவிட இதுதான் பயங்கரம்.

அதே ஃபாஸ்ட்-மேத் ஃபிளாக், நேன் (‘இது எண்ணே அல்ல’ என்று குறிப்பது) என்ற மதிப்பே வராது என்றும் எடுத்துக்கொள்ளும். நீங்கள் எழுதிய நேன் சோதனைகளும் போய்விடலாம்.

இந்த உதாரணத்துக்கு மட்டும் என்றால் டபுளில் (64 பிட் வகையில்) கூட்டினால் போதும், 53 பிட் துல்லியம் இருக்கிறது. கஹானின் முறையே வேண்டுமென்றால் அந்த ஃபங்ஷனைத் தனிக் கோப்பில் வைத்து, ஃபாஸ்ட்-மேத் இல்லாமல் கம்பைல் செய்யுங்கள். இன்டெல் கம்பைலரிலோ ஒன்றும் சொல்லாவிட்டாலே வேகமான கணக்குதான். துல்லியமாகக் கணக்குப் போடும் பிரிசைஸ் மாடலை நீங்கள்தான் கேட்டு வாங்கவேண்டும்.