ஒரு நிமிடத்தில் எத்தனை அடி?

வணக்கம். 15 வருடங்களாக டிரம்ஸ் சொல்லிக்கொடுக்கிறேன். புதிதாக வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் முதல் நாளே கேட்பது, "சார், எவ்வளவு நாள்ல வேகமா வாசிக்கலாம்?" என்றுதான்.

அதற்கு வேகப் போட்டிகளும் ஒரு காரணம். டிரமோமீட்டர் என்றொரு கருவி, பயிற்சிப் பேடில் விழும் ஒவ்வொரு அடியையும் எண்ணிக் காட்டும். வலது, இடது, வலது, இடது என்று 60 விநாடி விடாமல் அடிக்க வேண்டும், போட்டியே அவ்வளவுதான். 2013-ல் டாம் குரோசெட் என்ற டிரம்மர் 1208 அடி அடித்தார். விநாடிக்கு 20 அடி, கைக்குப் பத்து! காதில் விழும்போது தனித்தனி அடியாகத் தெரியாது, துணி கிழிவது போலிருக்கும். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். மணிக்கட்டு இறுகிவிட்டால் அந்த வேகம் வராது, ஸ்டிக்கை விரலாலேயே துள்ளவிடப் பழகியிருக்க வேண்டும்.

ஆனால் அடி மெலிதா, கனமா, பாட்டுக்குப் பொருந்துகிறதா என்றெல்லாம் அந்தக் கருவி பார்க்காது.

என்னிடம் ஒரு பையன் படிக்கிறான். வயதுக்கு மீறிய வேகம். ஒரு நாள் அவனை பேஸ் கிட்டார் வாசிக்கும் பெண்ணோடு உட்காரவைத்து, தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை 50-ல் வைத்து, ஒரு எளிய பீட் வாசிக்கச் சொன்னேன். 50 என்றால் நிமிடத்துக்கு 50 தட்டு, ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே 1.2 விநாடி. அந்த 1.2 விநாடி அவனால் சும்மா இருக்க முடியவில்லை. நாலாவது சுற்றிலேயே ஸ்னேர் டிரம்மின் அடி தாளத்தை முந்திக்கொண்டது. அப்புறம் காலியான இடத்திலெல்லாம் ஃபில், அதாவது இடைவெளியை நிரப்பும் அடிகள், போட ஆரம்பித்துவிட்டான். அந்தப் பெண் வாசிப்பதை நிறுத்திவிட்டு, "நான் எங்கே வாசிக்கிறது?" என்று கேட்டாள். அவன் முகம் சுருங்கிப்போனது. எனக்கும் மனசு கஷ்டமாக இருந்தது. அத்தனை நாளும் வேகத்தை மட்டும் பாராட்டியது நானும்தானே.

வேகம் கெடுதல் என்று சொல்ல வரவில்லை. வேகப் போட்டியில் சாதனை படைத்த மைக் மாஞ்சினி பெர்க்லி இசைக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். பிறகு டிரீம் தியேட்டர் என்ற ராக் குழுவுக்கு வாசித்தார். அவர்கள் பாடல்களில் தாளக் கணக்கு அடிக்கடி மாறும். கை வேகத்தை மட்டும் நம்பி அங்கே உட்கார முடியாது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் மறைந்த டிரம்மர் சார்லி வாட்ஸ் பெரும்பாலும் ஸ்னேரை அடிக்கும்போது ஹை-ஹாட் என்ற ஜோடி சிம்பலை அடிக்காமல் விட்டுவிடுவார். அந்த ஒரு அடி இல்லாததால்தான் ஸ்னேர் அவ்வளவு தெளிவாக விழும். இதை நான் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுகிறேன்.

அந்தப் பையனுக்கு இப்போதும் முதல் பத்து நிமிடம் வேகப் பயிற்சிதான், அது அவனுக்குப் பிடிக்கும். மீதி நேரமெல்லாம் அந்தப் பெண்ணோடு, அதே 50-ல். போன வாரம் ஃபில் போடாமல் 16 சுற்று வாசித்தான். அடுத்த சுற்றில் ஸ்னேர் லேசாக முந்தியது. நான் வாயைத் திறப்பதற்குள் அவனே ஸ்டிக்கை நிறுத்தி, "சார், முந்திட்டேன்" என்றான்.

நன்றி, வணக்கம்.